நாலு மணி பத்து நிமிஷம்... ஒரு பர்ஸ்!

‘பேசாம வேலையை விட்டுட்டு...’

இந்த வாக்கியத்தை ஆரம்பிக்காத ஆபீஸ் ஆசாமி உண்டா, சொல்லுங்கள்! திங்கட்கிழமை காலை மீட்டிங்கில், மானேஜர் சுவரில் ஒரு கிராஃபைக் காட்டி, ‘இந்தக் கோடு ஏன் படுத்திருக்கு?’ என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கும்போது, அது மனசுக்குள் தானாகவே ஓடும். பின்பாதிதான் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஆட்டுப் பண்ணை. சிலருக்கு ஃபில்டர் காபிக் கடை. என் பக்கத்து ஃப்ளாட்காரருக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ரெண்டு ஏக்கர் நிலம். பதினாறு வருஷமாக வாங்கப் போகிறார், வாங்கப் போகிறார்... போய்க்கொண்டே இருக்கிறார்.

என் நண்பன் ஒருவன் அந்த வாக்கியத்தை முடித்தே விட்டான்.

‘பேசாம வேலையை விட்டுட்டு... பர்ஸ் தைக்கப் போறேன்!’

ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அதில் பதினோரு வருஷ சர்வீஸ். வெளிநாட்டுக்காரர்களின் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்களைச் சரிபார்க்கிற டீமுக்கு லீடர். கைக்கு வருவது மாசம் 82 ஆயிரம். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 27 ஆயிரம். யு.கே.ஜி. படிக்கிற பெண் குழந்தை. பாங்க்கில் வேலை பார்க்கும் மனைவி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அப்பா. போதாதா? இதற்கு மேல் ஒருவன் சம்பளக்காரனாக இருக்க என்ன தகுதி வேண்டும்!

கெட்டுப்போனது ஒரு ஐ.டி. கார்டால். ஆபீஸில் கொடுத்த பிளாஸ்டிக் உறை கிழிந்துபோக, யூ டியூபைப் பார்த்துத் தோலில் ஒன்று தானே தைத்து மாட்டிக்கொண்டு போனான். ‘எனக்கும் ஒண்ணு ப்ரோ’ என்று பதினாலு பேர் கேட்டார்கள். ‘மார்க்கெட் இருக்குடா’ என்று முடிவு கட்டிவிட்டான். (அந்தப் பதினாலில் ஒன்பது பேர் இன்றுவரை காசு கொடுக்கவில்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.)

முதலில் எனக்குப் போன் செய்தது அவன் இல்லை, அவன் அப்பா. ரிடையர்டு சூபரிண்டெண்டென்ட்.

“தம்பி, நீ காமர்ஸ் படிச்சவன். அவனுக்கு எடுத்துச் சொல்லு. வேலை போனா கூடப் பரவாயில்ல. தோலு... நம்ம வீட்ல உக்காந்து தோலு தைக்கிறான்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

பெரியவர் இடுப்பில் அமெரிக்காவிலிருந்து மச்சினன் வாங்கி வந்த தோல் பெல்ட். காலில் தோல் செருப்பு. போட்டுக்கொள்ளலாம், தைக்கக் கூடாது! இந்த ஊரில் தோல் வேலையை யார் செய்ய வேண்டும் என்று எவனோ எப்போதோ எழுதி வைத்தது, படித்தவர் வீட்டுக்குள்ளும் இன்னும் அழியாமல்தான் இருக்கிறது. பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து ஒருவர் தைத்தால் அதற்குப் பெயர் செருப்பு தைக்கிறது. அதையே ஒரு பி.ஈ. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து செய்தால் ‘ஹேண்ட்கிராஃப்டட்’! நண்பனிடமே இதைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

காரணம், அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே ஒரு பிளாட்ஃபாரத்துப் பெரியவர்தான். யூ டியூப் பார்த்துத் தைத்த பர்ஸ் ரெண்டே மாசத்தில் வாயைப் பிளக்க, சைதாப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் குடை ஒன்றின் கீழ் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றிருக்கிறான். எட்டு ஞாயிற்றுக்கிழமை, நாளுக்கு எண்ணூறு ரூபாய். முதல் ஞாயிறு முழுக்கக் கத்தி தீட்டத்தான் கற்றுக்கொடுத்தாராம்.

“நம்ம டிரெய்னிங் டிபார்ட்மென்ட்ல பதினோரு வருஷத்துல கத்துக்காததை, அந்த ஒரு நாள்ல கத்துக்கிட்டேன்டா” என்றான்.

என்ன கற்றான் என்பது சுவாரசியம். மெஷின் தையலில் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். ரெண்டும் தோலுக்கு நடுவே ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓர் இடத்தில் அறுந்தால் பக்கத்துக் கொக்கியும் தளர்ந்து, வரிசையாகப் பிரிந்துகொண்டு வரும். பர்ஸோடு செய்யும் கைத்தையலில் ஒரே நூல், அதன் ரெண்டு முனையிலும் ரெண்டு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் தன் காலில் நிற்கும். குதிரைச் சேணம் தைக்கிறவர்களின் முறை இது. சேணம் நடு ஓட்டத்தில் பிரிந்தால் ஆள் காலி அல்லவா!

தோலுக்காகப் பெரியமேடு அலைந்தான். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அந்தப் பக்கம் போயிருந்தால் மூக்குக்குத் தெரியும். அங்கேதான் ‘ஈ.ஐ.’ தோல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறான். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிய சரக்கு. இன்று பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில் சட்டென்று பதமாகிவிடுகிறது. இது அப்படி இல்லை. மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிக் கடைசியில் கடுக்காயும் சேர்ந்து பதமாகிறது. அந்தக் காலத்தில் நம் ஊர் ஆவாரம்பட்டை. பிறகு வெளிநாட்டு வாட்டில் பட்டை. தமிழ்நாட்டு ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. புதுசில் வெளிறிப்போய் இருக்கும். கைபடக் கைபட நிறம் ஏறும். மனுஷனுக்கு நேர்மாறு!

வேலையை விட்டான். மூன்று மாச நோட்டீஸ். ஜனவரியில் வெளியே வந்தான். கிராஜுவிட்டி ரெண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சொச்சம் வந்தது. அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குகிற கணக்கு. ‘ஃபேர்வெல்’லுக்குக் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் அவன் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது ஒருவருக்கும் ஞாபகம் வராத ஒன்று, அன்றைக்குச் சாயங்காலத்தோடு முடிந்துபோனது. ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ். அப்பாவின் ஸ்டென்ட்டுக்குப் பணம் கட்டியது அதுதான். வேலையை விடுகிற யோசனை உள்ளவர்கள் இந்தப் பாராவை மட்டும் ரெண்டு தடவை படியுங்கள். குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. முன்பிருந்தே காப்பீட்டில் இருந்த காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால், வேலையில் இருக்கும்போதே விண்ணப்பத்தைத் தட்டிவிட வேண்டும். புதுசாகப் போய் நின்றால், ஏற்கெனவே உள்ள வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். நண்பனுக்கு இதை ஞாபகப்படுத்தியது அவன் மனைவி. அதுவும் கடைசி வாரத்தில்.

ஏப்ரலில் என்னைக் கூப்பிட்டான்.

“ஒரு பி அண்ட் எல் போட்டுக் குடுடா. லாபம் பிச்சுக்குது.”

பேப்பரை நீட்டினான். ஒரு பர்ஸுக்குத் தோல் ஒன்றரைச் சதுர அடி, 270 ரூபாய். நூல், மெழுகு, பசை 35. அட்டைப்பெட்டி 45. கூரியர் 60. ஆக 410. விற்கிற விலை 950. லாபம் 540!

“ஒரு நாளைக்கு நாலு பர்ஸ். மாசம் இருபத்தஞ்சு நாள். நூறு பர்ஸ். அம்பத்து நாலாயிரம்டா!”

‘ஒரு நாளைக்கு நாலு’ என்ற இந்தப் பெருக்கல் கணக்கில் நாசமான குடும்பங்கள் நிறைய. கோழிப் பண்ணையிலிருந்து ஈமு வரை எல்லாம் இந்தப் பெருக்கல்தான்.

“ஒரு பர்ஸ் தைக்க எவ்ளோ நேரம்டா ஆவுது?”

“ஒரு... ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

‘இருக்கும்’ என்று வந்தால் காமர்ஸ்காரன் விடக் கூடாது. போனில் ஸ்டாப் வாட்சை ஓடவிட்டு எதிரே உட்கார்ந்தேன். தோலில் தழும்பு, கொசுக்கடி எல்லாம் ஒதுக்கி வெட்டி எடுக்க 35 நிமிஷம். மடிகிற ஓரங்களைச் சீவி மெல்லிசாக்க 30. ஒட்டி, கோடு போட்டு, ஓட்டை குத்த 40. தையல் 85. ஓரத்தைத் தேய்த்து, மெழுகு போட்டு, மறுபடி தேய்த்துப் பளபளப்பாக்க 60. மொத்தம் நாலு மணி பத்து நிமிஷம். நடுவில் டீ குடித்த நேரத்தைத் தர்மத்துக்கு விட்டுவிட்டேன்.

540-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 130 ரூபாய். போட்டோ எடுப்பது, இன்ஸ்டாகிராமில் ‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்பவர்களுக்குப் பதில் சொல்வது, கூரியர் ஆபீஸுக்கு ஓடுவது... பர்ஸுக்கு ஒரு மணி நேரம் வைத்தால் நூற்று நாலு சொச்சம். விட்டு வந்த வேலையில், எட்டு மணி நேரக் கணக்கில் மணிக்கு 466!

“அது தப்பு” என்று குதித்தான். “காலைல எட்டுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வருவேன். பன்னண்டு மணி நேரம்னு போடு.”

போட்டேன். 310. அப்போதும் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது கிடைப்பது.

அப்புறம் அந்த எக்ஸிபிஷன். ரெண்டு நாளைக்கு ஸ்டால் வாடகை ஆறாயிரம். ஒன்பது பர்ஸ் விற்றது. கூரியர் மிச்சம் என்பதால் பர்ஸுக்கு 600 வீதம் 5,400. சுத்தமாக 600 ரூபாய் நஷ்டம். ஆட்டோ, சமோசா தனி. ஆனால், அன்றைக்கு ராத்திரி அவன் எனக்குப் போன் பண்ணி, ‘செம ரெஸ்பான்ஸ்டா!’ என்றான். பொய் இல்லை. நூறு பேர் தொட்டுப் பார்த்துச் சிலாகித்தார்கள். சிலாகிப்புக்கு லெட்ஜரில் காலம் இல்லையே!

அன்று நாங்கள் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டிருக்கும். விஷயம் ஒன்றுதான். தோலுக்கு விலை எழுதியவன், அட்டைப்பெட்டிக்குக்கூட எழுதியவன், தன் கூலி என்று ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், “எனக்குப் புடிச்சுதானே செய்யறேன், அதுக்கென்ன கூலி?” என்கிறான். பிடித்துச் செய்தால் பால்காரர் பில்லைக் குறைத்துக்கொள்வாரா?

கடைசியில் மணிக்கு 250 என்று முடிவாயிற்று. அவன் கேட்டது 466. ‘அதுக்கு நீ க்ளெய்ம் பாக்கவே போயிருக்கலாம்’ என்று அடக்கினேன். நாலு மணி நேரம், ஆயிரம் ரூபாய். சரக்கு 410. கெட்டுப்போகிற தோல், கரண்ட், ஸ்டால் வாடகை என்று 150. ஆக 1,560. விலை 1,600!

முதல் மாசம் விற்பனை பாதியாகப் படுத்தது. ‘ரங்கநாதன் தெருவுல நூத்தம்பது ரூபாய்க்குக் கிடைக்குதே’ என்றவர்கள் எல்லாம் கழன்றுகொண்டார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் ரெண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு மெல்ல வேறு ஒரு ஜாதி வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ‘எவ்ளோ?’ என்று கேட்காமல் ‘எப்போ கிடைக்கும்?’ என்று கேட்கிற ரகம். இதற்குள் அவனும் ஒவ்வொன்றாகச் செய்வதை விட்டு, ஆறு ஆறாகச் செய்யப் பழகியிருந்தான். ஆறுக்கும் ஒரே மூச்சில் வெட்டு, ஒரே மூச்சில் ஓட்டை. பர்ஸுக்கு ரெண்டு மணி ஐம்பது நிமிஷமாக இறங்கியது. கத்தியை ஒரு தரம் எடுத்தால் ஆறு வேலை முடிகிறதே!

தீபாவளிக்கு ஒரு தமாஷ். விட்டு வந்த அதே ஆபீஸிலிருந்து ஆர்டர். எண்பது ஐ.டி. கார்டு உறை, ஒன்று 650 வீதம் 52 ஆயிரம். தனி ஆளாக முடியாது என்று குருநாதரைக் கூப்பிட்டான். நாள் கூலி 900 என்றான். பெரியவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பீஸ் ரேட்டா பேசிக்கலாம் சார்” என்றாராம். தையலுக்கு ஒன்றுக்கு 120. முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆறு நாளில் எண்பதையும் முடித்து, 9,600 வாங்கிக்கொண்டு போனார். நாளுக்கு 1,600! நண்பனுக்கு ஸ்டாப் வாட்ச் வைத்து நான் புரியவைத்ததை, அவர் உறையைப் பார்த்த பார்வையிலேயே போட்டு முடித்துவிட்டார். அவரிடம் பி.காம். இல்லை.

இந்த இடத்தில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவரைச் சொல்லத் தோன்றுகிறது. ‘ஹைடிசைன்’ தோல் பைகள் தெரியும் அல்லவா? அதைத் தொடங்கிய திலீப் கபூர், அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தோலில் அல்ல, சர்வதேச விவகாரத்தில்! படிக்கும்போது அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்ததில் பிடித்த பித்து. 1978-ல் பாண்டிச்சேரியில் 25 ஆயிரம் ரூபாய் முதலோடு ஆரம்பித்தார். பொழுதுபோக்கு மாதிரி ஆரம்பித்ததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைச் சொல்கிறவர்கள், முதல் நாளிலிருந்தே தொழில் தெரிந்த ஒரு தொழிலாளி கூட இருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சரி, ஆர்டருக்கு வருவோம். சரக்கு போய்விட்டது. பணம்? ‘எங்க பாலிசிப்படி தொண்ணூறு நாள்’ என்று பர்ச்சேஸிலிருந்து மெயில். நேற்றுவரை அவனோடு ஒரே டேபிளில் தயிர்சாதம் சாப்பிட்டவர் அனுப்பியது! பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா? உட்கார்ந்து பவ்யமாக ஒரு கடிதம் அடித்தேன். 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் பணம் தராவிட்டால் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசத்துக்கு மாசம் கூட்டு வட்டி. அதோடு 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. இப்படிக் கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், பணத்தைக் கொடுக்கிற வரை அதைச் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாது. இதற்கெல்லாம் நம்மிடம் ‘உத்யம்’ பதிவு எண் இருக்க வேண்டும். இலவசம்தான், நண்பனிடம் இருந்தது. நாற்பத்து மூன்றாம் நாள் பணம் வந்துவிட்டது. தயிர்சாத நண்பர் அதற்குப் பிறகு பேசுவதில்லை.

மார்ச்சில் கணக்கு முடிக்க அவன் வீட்டில் உட்கார்ந்தோம். பதினாலு மாசம் ஆகியிருந்தது. முதலீடு: மெஷின், கருவி, தோல் ஸ்டாக் எல்லாம் சேர்த்து 1,40,000. எல்லாம் அவன் கிராஜுவிட்டிப் பணம். கடன் இல்லை. ‘கடனே இல்லாம ஒரு பிசினஸ்டா!’ என்று நானே கைகொடுத்தேன். அவன் மனைவி காபியோடு வந்து ஷீட்டை எட்டிப் பார்த்தார்.

“முதலீடுன்னு போட்டிருக்கீங்களே அண்ணா, அதுல என் பேரைக் காணோமே?”

எனக்குப் புரியவில்லை.

“பதினாலு மாசமா இ.எம்.ஐ. யாரு கட்டறது? நான் ஒரு நாள் லீவ் போட்டாக்கூடப் பயந்து பயந்து போடறேன். நானும் ஒரு தடவை ‘பேசாம வேலையை விட்டுட்டு’ன்னு சொல்ல முடியுமா, சொல்லுங்க?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் ரெண்டு பேரும் ஆறுகிற காபியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

27 ஆயிரம், பதினாலு மாசம். 3,78,000. ஸ்டாப் வாட்ச் வைத்து நிமிஷத்தை எண்ணிய மேதாவிக்கு இது கண்ணில் படவில்லை. தன் கூலியை எழுதாதவனை வாய் கிழியத் திட்டியவன் நான்! அவன் வேலையை விட்ட அன்றைக்கே அந்த அம்மாவால் வேலையை விட முடியாமல் போனது. அதற்கு எந்தத் தலைப்பில் என்ட்ரி போடுவது என்று எங்கள் காலேஜில் சொல்லித்தரவில்லை.

நண்பன்தான் பேனாவை எடுத்தான். முதலீடு என்பதன் கீழே மனைவி பெயரை எழுதி, 3,78,000 என்று போட்டான். தன் பெயரை அடுத்த வரியில், 1,40,000. பெரிய பங்குதாரர் யார் என்று பேப்பரே சொன்னது.

பிறகு பங்குதாரர்கள் கூட்டம் நடந்தது, டைனிங் டேபிளில். நான் வெறும் அழைப்பாளன். அடுத்த மார்ச்சுக்குள் மாசம் 45 ஆயிரம் அவன் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் வாரத்தில் மூன்று நாள் எங்கேயாவது க்ளெய்ம் வேலை, மிச்ச நாள் தோல். அவர் அதைச் சின்ன டைரியில் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பாங்க்காரர் அல்லவா!

போன மாசக் கணக்கு இது: பர்ஸ் இருபத்திரண்டு விற்று, கையில் நின்றது 23 ஆயிரம் சொச்சம். பெல்ட்டில் 6 ஆயிரம். சனிக்கிழமை வகுப்பில் 8 ஆயிரம். ஆக, சுமார் 37 ஆயிரம். அந்த வகுப்புக்குக் காசு கட்டி வருகிறவர்கள் யார் என்கிறீர்கள்? எல்லாம் ஓ.எம்.ஆர். ஆசாமிகள்தான்! ஊசியில் நூல் கோத்துவிட்டு, ‘பேசாம வேலையை விட்டுட்டு...’ என்று பெருமூச்சு விடுகிறார்களாம். நண்பன் உடனே ஸ்டாப் வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுகிறான்.

அப்பா? நேரில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், பென்ஷனர் சங்கத்துக்குப் போகும்போது புதுசாக ஒரு மூக்குக்கண்ணாடி உறையைப் பாக்கெட்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போகிறார் என்று தகவல்.

இவ்வளவு உழைத்த ஆடிட்டருக்கு ஒரு பர்ஸாவது இனாமாக வரும் என்று எதிர்பார்த்தேன். பெரிய பங்குதாரர் பில் புக்கை எடுத்து வைத்தார். “ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுத்த டிஸ்கவுன்ட்டை எந்தத் தலைப்புல எழுதுவீங்க அண்ணா?”

1,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தையல் பிரமாதம். நிறமும் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே வைக்கத்தான் இப்போதைக்கு அந்த பில்லைத் தவிர ஒன்றுமில்லை!